பாஸே சேம்ப்ல்: ஒழுங்கான வினையிலும் ஆறுக்கு ஆறு தப்பு வருவது ஏன்?

ஆம்பல்
பிரெஞ்சின் ஏட்டு வழக்கு இறந்தகாலம், பாஸே சேம்ப்ல் பற்றிக் கேட்கிறேன். எடுத்துக்கொண்ட வினை ஒழுங்கானதுதான்: ப்லோன்ஜே, நீருக்குள் பாய்தல். எழுத்துக்கூட்டல் பி-எல்-ஓ-என்-ஜி-ஈ-ஆர். கடைசி ஈ-ஆரை வெட்டி, 'ஜி'யில் முடியும் பகுதியோடு கீழ்க்கண்ட விகுதிகளைச் சேர்த்தேன்.

நான்: ஏ-ஐ-எஸ்
நீ: ஏ
அவன், அவள்: ஏ-டி
நாங்கள்: ஏ-எம்-ஈ-எஸ்
நீங்கள்: ஏ-டி-ஈ-எஸ்
அவர்கள்: அக்ஸான் எகு (வலப்பக்கம் ஏறும் கோடு) போட்ட ஈ, பிறகு ஆர்-ஈ-என்-டி

எழுத்துகளை ஆங்கிலப் பெயரால் சொல்கிறேன், இந்த இழையில் எல்லோரும் அப்படியே சொன்னால் குழப்பம் வராது. சிர்கோன்ஃப்ளெக்ஸ் குறியைத் 'தொப்பி' என்றே வைத்துக்கொள்வோம். எங்கே தவறு?

பாகூரான்
ஆறிலும் தவறு. ஆனால் ஆறும் காதால் வந்த தவறு, அறியாமையால் வந்ததல்ல. படித்த பிரெஞ்சுக்காரர்களும் இதே இடங்களில்தான் சறுக்குவார்கள்.

முதலில் 'ஜி' தொல்லை இல்லாத வினை ஒன்றில் விகுதிகளைப் பார்த்துவிடுவோம். பார்லே, பேசுதல்:

ஜெ பார்லே: ஏ-ஐ
த்யு பார்லா: ஏ-எஸ்
இல் பார்லா: ஏ
நூ பார்லாம்: தொப்பி போட்ட ஏ, எம்-ஈ-எஸ்
வூ பார்லாத்: தொப்பி போட்ட ஏ, டி-ஈ-எஸ்
இல் பார்லேர்: கிராவ் போட்ட ஈ, ஆர்-ஈ-என்-டி

கவனிக்க வேண்டியது: தன்மை ஒருமையில் எஸ் கிடையாது. முன்னிலை ஒருமையில் எஸ் உண்டு. படர்க்கை ஒருமையில் டி கிடையாது, வெறும் 'ஏ'. பன்மையில் முதல் இரண்டுக்கும் தொப்பி. கடைசியில் எகு அல்ல, கிராவ், அதாவது இடமிருந்து வலமாகச் சரியும் கோடு. அந்த ஈ-என்-டி வாயில் வராது, 'பார்லேர்' என்று ஆரோடு நிற்கும்.

இனி ப்லோன்ஜே. பிரெஞ்சில் ஜி-க்கு அடுத்து ஏ, ஓ, யு வந்தால் 'க' ஒலி, ஈ, ஐ வந்தால் 'ஜ' ஒலி. ஜி-யோடு நேரே ஏ-வை ஒட்டினால் 'ப்லோன்கா' என்றுதான் படிக்க முடியும். ஜ ஒலியைக் காப்பாற்ற நடுவில் ஓர் ஈ நிறுத்த வேண்டும். அந்த ஈ-க்குத் தனி ஒலி இல்லை, காவலுக்கு நிற்கிறது. ஆறில் ஐந்து விகுதிகள் 'ஏ'யில் தொடங்குகின்றன, அந்த ஐந்துக்கும் காவல் ஈ வேண்டும்: ஜி-ஈ-ஏ-ஐ, ஜி-ஈ-ஏ-எஸ், ஜி-ஈ-ஏ, ஜி-ஈ-தொப்பி ஏ-எம்-ஈ-எஸ், ஜி-ஈ-தொப்பி ஏ-டி-ஈ-எஸ். ஆறாவது விகுதி தானே 'ஈ'யில் தொடங்குகிறது. அங்கே காவல் தேவையில்லை: ஜி-கிராவ் ஈ-ஆர்-ஈ-என்-டி. இரண்டு ஈ எழுதினால் பிழை.

மான்ஜே (உண்ணுதல்), நாஜே (நீந்துதல்), சோன்ஜே (எண்ணுதல்), ஷான்ஜே (மாற்றுதல்) எல்லாம் இதே கதை.

சி-ஈ-ஆரில் முடியும் வினைகளுக்குக் காவல் ஈ அல்ல, சி-யின் 'ஸ' ஒலியைக் காக்க அதன் அடியில் செதிய் என்னும் வால். கொமான்ஸே (தொடங்குதல்) வினையில் ஐந்து வடிவங்களில் சி-க்கு வால், ஆறாவதில் வால் இல்லை. காரணம் ஒன்றேதான்.

வினைமுற்று
பாகூரான் ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கலாம்: ஜி-யு-ஈ-ஆர் வினைகளில் அந்த யு-வை எடுக்கவே கூடாது. நாவிகே (கப்பல் ஓட்டுதல்) என்றால் 'ஏ'க்கு முன்னும் யு நிற்கும், ஜி-யு-ஏ. ஒலிக்கு அவசியமில்லைதான், ஆனால் வினையின் பகுதியாகிவிட்டது. ஜி-யே போதுமே என்று யு-வை வெட்டுகிறவர்கள் அதிகம்.

இன்னொன்று. நிகழ்காலத்தில் பகுதி மாறும் வினைகள் இருக்கின்றனவே: ஆப்லே (அழைத்தல், எல் இரட்டிக்கும்), ஆஷ்தே (கிராவ் ஏறும்), ஏஸ்பேரே (எகு கிராவாகும்), ஆன்வுவாயே (ஒய் போய் ஐ வரும்). இவை எதுவும் பாஸே சேம்ப்லில் மாறாது. ஏனென்றால் பகுதியை நிகழ்காலத்திலிருந்து எடுப்பதில்லை, அகராதி வடிவத்திலிருந்து எடுக்கிறோம். 'அழைத்தான்' என்பதற்கு ஒற்றை எல் மட்டும். நிகழ்காலத்தை நன்றாக மனப்பாடம் செய்தவர்கள்தான் இங்கே இரட்டை எல் எழுதுவார்கள்.

நிகழ்காலத்தில் படுத்தும் 'ஆலே' (போதல்) இங்கே பசு மாதிரி. ஆலா, ஆலேர். பார்லே போலவே.

ஆம்பல்
நன்றி. 'காவல் ஈ' விளங்கிவிட்டது. ஆனால் 'நான்' வடிவத்தில் ஏ-ஐயா ஏ-ஐ-எஸ்ஸா என்பது எழுதும்போதெல்லாம் தடுமாறுகிறது. ஏம்பார்ஃபேயும் (தொடர் இறந்தகாலம்) கிட்டத்தட்ட அதே ஒலிதானே?

வினைமுற்று
ஏட்டிலக்கணப்படி ஏ-ஐ மூடிய 'ஏ' ஒலி, ஏ-ஐ-எஸ் திறந்த 'ஏ' ஒலி. ஆனால் இன்று பல பிரெஞ்சுக்காரர்களின் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காதை நம்பாதீர்கள். ஒலியே வேறாக இருக்கும் ஒன்றை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் சோதனை: 'நான்' என்பதை 'அவன்' ஆக்குங்கள். வாக்கியத்துக்கு 'பார்லா' பொருந்தினால் ஏ-ஐ. 'பார்லே' (ஏ-ஐ-டி) பொருந்தினால் ஏ-ஐ-எஸ்.

இரண்டாவது: வினையையே மாற்றுங்கள். அதே இடத்தில் ப்ரான்த்ர் (எடுத்தல்) வினையை வைத்தால் 'ஜெ ப்ரி' வருகிறதா, 'ஜெ ப்ரெனே' வருகிறதா? 'ப்ரி' என்றால் எஸ் இல்லாத ஏ-ஐ.

தமிழில் யோசித்தும் பாதிவரை போகலாம். 'கதவைத் தட்டினேன்' என்றால் ஏ-ஐ. 'தட்டிக்கொண்டிருந்தேன்', 'தினமும் தட்டுவேன்' என்ற பொருள் என்றால் ஏ-ஐ-எஸ். எங்கே உதைக்கும் என்றால், 'அவனுக்கு அவளைப் பிடித்தது', 'வீடு மலைமேல் இருந்தது' மாதிரி நிலையைச் சொல்லும் வினைகளில். தமிழில் அது சாதாரண இறந்தகால முற்று, பிரெஞ்சில் பெரும்பாலும் ஏம்பார்ஃபே.

கடல்நாரை
ஏ-ஐ பற்றிப் பேசும்போது எதிர்காலத்தை விட்டுவிட்டீர்களே. ஆர்-ஈ-ஆரில் முடியும் வினைகளில் பாஸே சேம்ப்ல் அச்சு அசலாக எதிர்காலம் போலத் தெரியும்.

ஆன்த்ரே, நுழைதல். 'நுழைந்தேன்' என்பது ஜான்த்ரே, ஈ-என்-டி-ஆர்-ஏ-ஐ. ஆர்-ஏ-ஐ என்று முடிவதால் வேகமாகப் படிப்பவர் 'நுழைவேன்' என்று எடுத்துக்கொள்வார். 'நுழைவேன்' என்பதற்கு நடுவில் இன்னொரு ஈ-ஆர் உண்டு: ஈ-என்-டி-ஆர்-ஈ-ஆர்-ஏ-ஐ. படர்க்கையிலும் அதே: ஆன்த்ரா நுழைந்தான், ஆன்த்ரெரா நுழைவான்.

இதைவிடக் கேடு மோன்த்ரே, மோன்தே ஜோடி. 'இல் மோன்த்ரா' காட்டினான். 'இல் மோன்தெரா' ஏறுவான். எழுத்தில் ஒரே ஓர் ஈ வித்தியாசம். ஒரு கதாபாத்திரம் கதவைக் 'காட்டினான்' என்பது 'ஏறுவான்' ஆகிவிட்டால் பத்தியே தலைகீழ். தீரே (இழுத்தல்), ப்லெரே (அழுதல்), தெமெரே (தங்குதல்) வினைகளிலும் 'ஆர்-ஏ'வைக் கண்டதும் எதிர்காலம் என்று பாயாமல், அகராதி வடிவத்திலேயே ஓர் ஆர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஆம்பல்
தொப்பி பற்றி இரண்டு கேள்வி. அது எதற்கு? 1990 எழுத்துச் சீர்திருத்தத்தில் தொப்பிகளைக் கழற்றிவிட்டார்கள் என்கிறார்களே, இங்கேயும் கழற்றலாமா?

வினைமுற்று
கழற்றக் கூடாது. 1990 டிசம்பரில் அரசிதழில் வந்த திருத்தம் ஐ, யு இரண்டின் தலையிலிருந்த தொப்பியை மட்டும் தொட்டது. 'ஏ'யின் தொப்பியைத் தொடவே இல்லை. ஐ, யு-விலும் பாஸே சேம்ப்ல், சுப்ஜோன்க்தீஃப் (விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கான வினைநிலை) விகுதிகளுக்கு விலக்கு என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆக ஆம், ஆத், ஈம், ஈத் எல்லாவற்றுக்கும் தொப்பி அப்படியே.

எதற்கு என்றால், 'நீங்கள்' வடிவத்தில் அது இறந்துபோன ஓர் எஸ்-ஸின் கல்லறை. லத்தீனில் 'கந்தாஸ்திஸ்' (பாடினீர்கள்), பழம்பிரெஞ்சில் எஸ்-டி-ஈ-எஸ் என்று முடிந்தது. எஸ் ஒலி தேய்ந்து போய், பிறகு எழுத்திலிருந்தும் போனது, அதன் இடத்தில் தொப்பி உட்கார்ந்தது. 'நாங்கள்' வடிவத்தில் அப்படி ஓர் எஸ் இருந்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் போட்டான் என்று இவனும் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

படர்க்கை ஒருமையில் தொப்பி கண்டால் உஷார். தொப்பி ஏ-டி என்று முடிந்தால் அது பாஸே சேம்ப்லே இல்லை, சுப்ஜோன்க்தீஃப் ஏம்பார்ஃபே. நீங்கள் எழுதிய வெறும் ஏ-டி இரண்டிலும் சேராது.

செம்பியன்93
எல்லாம் சரி, ஆனால் ஆறு வடிவத்தையும் உருப்போட்டுத்தான் ஆக வேண்டுமா? யாரும் இதைப் பேசுவதில்லை. வாயில் பாஸே கொம்போஸே (துணைவினையோடு வரும் பேச்சு இறந்தகாலம்) மட்டும்தான். நாவலையோ செய்தியையோ வாழ்க்கை வரலாற்றையோ திறந்தால் படர்க்கை ஒருமையும் பன்மையும்தான் கொட்டிக் கிடக்கும். பிரான்சில் 2016இல் நடைமுறைக்கு வந்த ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டமே படர்க்கை இரண்டையும்தான் முதலில் கேட்டது. அதற்குப் பெரிய சண்டையும் நடந்தது.

படிப்பதற்காகக் கற்பவர் 'ஆ', 'ஏர்' இரண்டையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும். 'வூ பார்லாத்' என்று இன்று எழுதினால் கிண்டலாகத்தான் இருக்கும்.

கடல்நாரை
படிப்பதற்குச் சரி, செம்பியன் அண்ணே. எழுதுவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் அது போதாது. தன்மையில் சொல்லப்படும் கதை என்றால் பக்கத்துக்குப் பத்து 'ஏ-ஐ' வரும். தன்மைக் கதை என்றாலே பாஸே சேம்ப்ல் வேண்டும் என்றும் இல்லை. காம்யு 1942இல் வெளியிட்ட நாவல், நம் ஊரில் 'அந்நியன்' என்று அறியப்பட்டது, பாஸே கொம்போஸேயை முதுகெலும்பாக வைத்தே எழுதப்பட்டது. அன்றைக்கு அது கண்ணைக் குத்தியது என்றால், வழக்கம் என்னவாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'நீ', 'நீங்கள்' வடிவங்கள் அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'நாங்கள்' அப்படியில்லை, பயணக் கதைகளில் நிறைய.

உரையாடலுக்குப் பின் வரும் 'என்றான், கேட்டான்' வகையறாவையும் யாரும் சொல்லவில்லை. பாஸே சேம்ப்ல் அதிகம் கண்ணில் படும் இடம் அதுதான், அங்கே எழுவாயும் வினையும் இடம் மாறும். 'ஏ'யில் முடியும் வினைக்கும் 'இல்'லுக்கும் நடுவே ஒரு டி, இரு பக்கமும் சிறு கோடு: தமான்தா-த்-இல் (கேட்டான்), அஜூதா-த்-எல் (என்று மேலும் சொன்னாள்). டி-யில் முடியும் வினைக்கு இன்னொரு டி வேண்டாம்: ரெபோன்தி-தில், வினையின் சொந்த டி-யே இணைத்துவிடும். பன்மையிலும் அப்படியே. தன்மையில் தமான்தேஜ், ஏ-ஐ, கோடு, பிறகு ஜெ. இங்கே எஸ் சேர்த்தால் ஏம்பார்ஃபே ஆகிவிடும்.

செம்பியன்93
அந்த நடு டி-க்குப் பின் கோட்டுக்குப் பதில் அப்போஸ்த்ரோஃப் (மேலே போடும் காற்புள்ளி) போடுகிறவர்கள் ஏராளம். கோடு, டி, கோடு. அப்போஸ்த்ரோஃப் கிடையாது. தமிழில் 'உடம்படுமெய்' என்று சொல்லிக் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் விளங்கும்.

பாகூரான்
உடம்படுமெய், நல்ல பெயர்.

ஐ-ஆர், ஆர்-ஈ வினைகளையும் முடித்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே விகுதிக் கூட்டம். ஃபினீர் (முடித்தல்), வான்த்ர் (விற்றல்):

ஜெ ஃபினி, வான்தி: ஐ-எஸ்
த்யு: ஐ-எஸ்
இல்: ஐ-டி
நூ ஃபினீம், வான்தீம்: தொப்பி ஐ, எம்-ஈ-எஸ்
வூ ஃபினீத், வான்தீத்: தொப்பி ஐ, டி-ஈ-எஸ்
இல் ஃபினீர், வான்தீர்: ஐ-ஆர்-ஈ-என்-டி

இங்கே ஒருமை மூன்றிலும் மெய்யெழுத்து வால் உண்டு: எஸ், எஸ், டி. ஆம்பல் 'ஏ'யோடு டி சேர்த்ததும் 'நான்' வடிவத்தில் எஸ் சேர்த்ததும் இந்தக் கூட்டத்தின் தொற்றுதான். இரண்டு பட்டியலையும் ஒரே நாளில் படித்தால் இது ஒட்டிக்கொள்ளும். 'ஏ' கூட்டத்தைக் கைக்குப் பழக்கிய பிறகு 'ஐ' கூட்டத்துக்குப் போங்கள். பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது ஈ-ஆர் வினைகள், நட்டம் ஒன்றும் இல்லை.

ஃபினீரில் நிகழ்காலத்துப் பன்மையிலும் ஏம்பார்ஃபேயிலும் வரும் இரட்டை எஸ் இங்கே வராது. வான்த்ரில் பகுதியின் கடைசி மெய் விழாது. பார்தீர், தோர்மீர், சேர்வீர், ஊவ்ரீர் வினைகள் நிகழ்காலத்தில் எப்படி ஆடினாலும் இங்கே அகராதிப் பகுதியோடு ஒழுங்காக வரும். வெனீர், தெனீர், கூரீர், மூரீர் இந்தக் கூட்டத்தில் சேராது, அவற்றை இங்கே இழுக்க வேண்டாம்.

சின்ன வேடிக்கை: ஆயீர் (வெறுத்தல்) வினையில் ஐ-யின் தலையில் ஏற்கெனவே இரண்டு புள்ளி. ஒரே தலையில் புள்ளியும் தொப்பியும் நிற்க முடியாதே. புள்ளி தங்கும், தொப்பி போகும்.

செம்பியன்93
ஐ-டி-யில் முடியும் சொல்லைக் கண்டால் அகராதியில் எதைத் தேடுவது? ஐ-ஆரா, ஆர்-ஈயா? படிப்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'ரெபோன்தி' (பதிலளித்தான்) ரெபோன்த்ரிலிருந்து. 'போன்தி' (துள்ளினான்) போன்தீரிலிருந்து. ஒலி ஒரே வார்ப்பு. பெர்தி (இழந்தான்) பெர்த்ர், வெர்தி (பச்சையானது) வெர்தீர். ரான்தி (திருப்பித் தந்தான்) ரான்த்ர், க்ரான்தி (வளர்ந்தான்) க்ரான்தீர். விதி கிடையாது, சொல் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று உண்டு. வான்த்ர் வகை ஆர்-ஈ வினை என்றால் ஐ-டி வடிவம் நிச்சயம் இறந்தகாலம், ஏனென்றால் நிகழ்காலம் 'பெர்', 'ரேபோன்' என்று குறுகிவிடும். ஃபினீர் வகை வினை என்றால் ஒருமையில் நிகழ்காலமும் பாஸே சேம்ப்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 'இல் போன்தி' துள்ளுகிறானா, துள்ளினானா? பக்கத்து வினைதான் சொல்லும். அதனால் பத்தியில் ஒரே ஒரு பன்மையையோ ஈ-ஆர் வினையையோ தேடிப் பிடியுங்கள், காலம் தெரிந்துவிடும்.

கடல்நாரை
இரண்டு கூட்டமும் மோதும் ஜோடிகளும் உண்டு. ஃபோன்தா என்றால் நிறுவினான் (ஃபோன்தே), ஃபோன்தி என்றால் உருகியது (ஃபோன்த்ர்). பெஞ்ஞா தலை வாரினாள் (பெஞ்ஞே), பெஞ்ஞி ஓவியம் தீட்டினாள் (பேன்த்ர்). ஓர் உயிரெழுத்து மாறினால் ஓவியர் சீப்பைக் கையில் எடுத்துவிடுவார். மொழிபெயர்ப்பில் இது வேடிக்கையாக இருக்காது.

ஆம்பல்
இனி எங்கே எதைப் போடுவது என்பதுதான். 'ஒரு நொடியில் நடந்தது பாஸே சேம்ப்ல், நீண்டநேரம் நடந்தது ஏம்பார்ஃபே' என்று படித்தேன்.

கடல்நாரை
அந்த விதியைத் தூக்கி எறியுங்கள். எத்தனை காலம் என்பது பொருட்டே இல்லை, வேலி போட்டிருக்கிறதா என்பதுதான் பொருட்டு. 14ஆம் லூயி 72 ஆண்டு ஆண்டார், 1643 முதல் 1715 வரை. 72 ஆண்டு என்று வேலி போட்டதும் 'ரெஞ்ஞா', பாஸே சேம்ப்ல்தான். 'லூயி ஆண்டுகொண்டிருந்த காலத்தில் வெர்சாயில் ஒரு...' என்று வேறொன்றுக்குப் பின்னணியாக நிறுத்தினால் 'ரெஞ்ஞே', ஏ-ஐ-டி.

தமிழ்க்காரர்களுக்குப் பாஸே சேம்ப்ல் ஒரு வகையில் வீட்டுக்காரர். ஒரே சொல், விகுதியிலேயே இடம் தெரியும், 'பேசினேன், பேசினாய், பேசினான்' மாதிரி. நடை அளவிலும் அப்படித்தான்: 'போனாங்க'வுக்கும் 'சென்றனர்'க்கும் உள்ள தூரம் பாஸே கொம்போஸேக்கும் இதற்கும் உள்ள தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். தப்புவது ஓரிடத்தில்: 'சென்றனர்' என்பதை மேடையில் பேசினாலும் ஒட்டும், பாஸே சேம்ப்லைக் கடைத்தெருவில் பேசினால் எதிரில் இருப்பவர் சிரிப்பார்.

பாஸே சேம்ப்லை முதுகெலும்பாக எடுத்தால் மற்றதும் மாற வேண்டும். 'நேற்று' (இயேர்) வராது, 'முந்தின நாள்' (லா வேய்) வரும். 'நாளை' வராது, 'மறுநாள்' (லெ லான்தமேன்). 'பேசி முடித்ததும் போனான்' என்றால் முன் நிகழ்ச்சிக்குப் பாஸே ஆன்தேரியேர்: அவ்வார், ஏத்ர் துணைவினைகளை பாஸே சேம்ப்லில் நிறுத்தி ('யு' அல்லது 'ஃப்யு'), பின்னால் எச்சம். தே கில் யு பார்லே, பேசியவுடன். இந்த 'யு'வின் எழுத்து ஈ-யு-டி, தொப்பி இல்லை. 'ஆப்ரே கெ'வுக்குப் பிறகு தொப்பி போட்டு சுப்ஜோன்க்தீஃப் ஆக்குவது இன்றைய செய்தித்தாள்களிலும் மலிந்த பிழை.

வினைமுற்று
நாட்கணக்குப் பற்றி ஒன்று. 1660இல் வந்த போர்-ரொயால் இலக்கணம், இன்றைய நாளில் நடந்ததற்குப் பாஸே சேம்ப்ல் கூடாது, குறைந்தது ஒரு நாளாவது கழிந்திருக்க வேண்டும் என்று வகுத்தது. 'நேற்று' என்பதும் அன்று இதோடு ஒட்டும். ஆகவே பழைய நாடகங்களில் 'இயேர்' பக்கத்தில் பாஸே சேம்ப்லைக் கண்டால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். கடல்நாரை சொன்னது இன்றைய நாவல் நடைக்கு.

குழந்தைகள் 'மான்ஜி' (ஐ-டி) என்று தப்பாகச் சொல்வதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்கில் உள்ள அக்காடியர்கள் (அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்) பாஸே சேம்ப்லைப் பேச்சிலேயே வைத்திருக்கிறார்கள், ஈ-ஆர் வினைக்கும் 'ஐ' விகுதியோடு. பள்ளிக்கூடத்துக்கு அது பிழை, அவர்களுக்கு அது பாட்டன் பேச்சு.

பாகூரான்
போதும், கையை நனைப்போம். ஆம்பல், இவற்றுக்கு விகுதி எழுதுங்கள்.

1. ஷாம்பொலியோன் 1822இல் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். (அனோன்ஸே)
2. மோன்கோல்ஃபியே சகோதரர்கள் 1783இல் அனொனே ஊரில் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். (லான்ஸே)
3. நெப்போலியன் 1803இல் லூயிசியானாவை விற்றார். (வான்த்ர்)
4. டூப்ளே 1742 முதல் 1754 வரை புதுச்சேரியை நிர்வகித்தார். (கூவெர்னே)
5. லாலி 1761இல் புதுச்சேரியில் சரணடைந்தார். (காபித்யுலே)
6. ப்ளேரியோ 1909இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். (த்ராவெர்ஸே, இது எஸ்-ஈ-ஆர்)
7. நாங்கள் ஒரு வீடு கட்டினோம். (பாத்தீர்)
8. "ஏன்?" என்று கேட்டேன் நான். (தமான்தே)

ஆம்பல்
1. சி-க்கு வால், ஏ.
2. சி-க்கு வால், கிராவ் ஈ-ஆர்-ஈ-என்-டி.
3. ஐ-டி.
4. ஏ-ஐ-டி. 12 ஆண்டு தொடர்ந்து நடந்தது என்பதால் ஏம்பார்ஃபே வைத்தேன்.
5. ஏ.
6. ஏ.
7. பகுதியில் உள்ள 'ஏ'யின் தொப்பியை எடுத்துவிட்டு, ஐ-க்குத் தொப்பி, எம்-ஈ-எஸ்.
8. ஏ-ஐ, கோடு, ஜெ.

பாகூரான்
1, 3, 5, 6, 8 சரி. எட்டாவதில் எஸ் வராததே பெரிய முன்னேற்றம்.

2: வாலை வெட்டுங்கள். அடுத்து வருவது ஈ, சி தானாகவே 'ஸ' ஒலிக்கும். முதல் வாக்கியத்தில் வால் வந்த கையோடு இரண்டாவதிலும் போட்டுவிட்டீர்கள், அதற்காகவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன்.

7: ஒரு சொல்லுக்கு ஒரு தொப்பிதான் என்று யாரும் சொல்லவில்லை. பாத்தீரின் 'ஏ'க்குச் சொந்தத் தொப்பி, விகுதியின் ஐ-க்கு அதன் தொப்பி. 'நூ பாத்தீம்' இரண்டு தொப்பியோடுதான் வரும்.

4-ஐக் கடல்நாரை பார்த்துக்கொள்ளட்டும்.

கடல்நாரை
1742 முதல் 1754 வரை என்று இரு பக்கமும் வேலி போட்டுக் கொடுத்திருக்கிறார். வேலி இருந்தால் 'ஏ'. கூவெர்னா. அதே டூப்ளேயை வைத்து 'டூப்ளே புதுச்சேரியை நிர்வகித்துக்கொண்டிருந்தபோது 1746இல் பிரெஞ்சுப் படை மதராஸைக் கைப்பற்றியது' என்று எழுதினால் முதல் வினைக்கு உங்கள் ஏ-ஐ-டி சரி, இரண்டாவது வினைக்குப் பாஸே சேம்ப்ல். இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்.

ஆம்பல்
எழுதினேன். 'கைப்பற்றுதல்' என்பதற்கு ஓக்யுபே எடுத்தேன், ஓ-சி-சி-யு-பி, ஏ. சி-க்கு அடுத்து யு என்பதால் வால் தேவையில்லை, சரிதானே?

வினைமுற்று
சரி. இங்கே சி 'க' ஒலிதான் ஒலிக்க வேண்டும், வால் போட்டால்தான் கெடும். ஆனால் ஓக்யுபே என்றால் பிடித்துத் தங்கியிருத்தல். படை நகரத்தைப் பிடித்த அந்தச் செயலுக்கு ப்ரான்த்ர் தான் பழக்கம், அது ஒழுங்கற்ற வினை: இல் ப்ரி, ஐ-டி. ஏ-யும் கிடையாது, 'தி'யும் கிடையாது. 'ப்ரான்தி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.